புள்ளடி போட்ட பக்கம்

தமிழர் நாலு பேர் அடுத்தடுத்த வீடுகளில் குடியிருக்கும் ஜெர்மன் தெரு எதுவானாலும், அங்கே 'முந்தி வந்தவர்' ஒருவர் இருந்தே தீருவார். அவரைத் தேடி நீங்கள் அலைய வேண்டியதில்லை. நீங்கள் பெட்டியை இறக்கி வைத்து மூச்சு விடுவதற்குள் அவரே வந்துவிடுவார். உங்கள் பெயரைக் கேட்பதற்கு முன்னால் "எப்ப வந்தனீர்?" என்று கேட்பார். நீங்கள் எந்த மாதத்தைச் சொன்னாலும் அவர் அதற்கு முந்திய மாதத்தில் வந்திருப்பார். அந்தக் கணத்திலிருந்து அவர் அண்ணை, நீங்கள் தம்பி. வயதா? வயதை யார் கேட்டார்கள்? ஊரில் தலைமை வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவரை, ஒரு பனிக்காலம் பிந்தி வந்த குற்றத்துக்காக, முப்பத்தெட்டு வயதுக்காரர் ஒருவர் "தம்பி" என்று கூப்பிட்டதை எசன் நகரம் கண்டிருக்கிறது.

அந்த முப்பத்தெட்டு வயதுக்காரர்தான் அரியரத்தினம். எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கடைசியில் வந்தவர். ஆகவே எண்பத்தேழு தை மாதத்தில் அவருக்கு நடந்துகொண்டிருந்தது நாலாவது பனிக்காலம். அவருடைய மனைவி கமலநாயகி அடுத்த ஆண்டு வந்தபடியால் அவருக்கு மூன்றுதான். இந்தக் கணக்கு படலையோடு நின்றுவிடாமல் அடுப்படி வரைக்கும் வந்தது. சோற்றுக்கு எவ்வளவு தண்ணீர் வைப்பது என்பதில்கூட, இந்த நாட்டுத் தண்ணீரோடு தனக்கு ஒரு வருடம் கூடுதலான பழக்கம் என்று அரியரத்தினம் நம்பினார்.

அவரை மட்டமாக நினைத்துவிடாதீர்கள். அவரிடம் ஒரு கொள்கை இருந்தது. அதன் பெயர் மறுவளம்.

"தம்பி, ஊரிலை என்ன செய்வமோ அதை மறுவளமாச் செய்யும். இஞ்சை அதுதான் சட்டம்."

சான்று கேட்டால் விரல் மடிப்பார். நாங்கள் இடப்பக்கம் ஓடுவோம், இவன் வலப்பக்கம் ஓடுகிறான். நாங்கள் இருபத்தொன்று என்போம், இவன் ஒன்றும் இருபதும் என்கிறான். எங்களுக்கு இரண்டரை மணி, இவனுக்கு அரை மூன்று. எங்கள் நாய் முற்றத்தில் கிடக்கும், இவனுடைய நாய் சோபாவில் கிடக்கும். கூடப்பிறந்த தம்பி வீட்டுக்குப் போவதென்றாலும் இவன் நாளும் நேரமும் குறித்து ஒரு டெர்மின் வைத்துக்கொண்டுதான் போவான். ஐந்து விரலும் மடிந்த பிறகு, மற்றக் கையை எடுத்துத் தன்னுடைய பெரிய கண்டுபிடிப்புக்கு வருவார். அதுதான் புள்ளடி. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கணக்குக்குப் பக்கத்தில் இரண்டு கோட்டைக் குறுக்காக இழுத்துப் புள்ளடி போட்டால் கணக்குப் பிழை. இங்கேயோ அலுவலகப் படிவத்தில் உங்களுக்குப் பொருந்தும் கட்டத்தில் புள்ளடிதான் போட வேண்டும். முதல் பனிக்காலத்தில் அவர் எல்லாக் கட்டத்திலும் அழகாகச் சரி போட்டுக் கொடுக்க, அந்த அலுவலகப் பெண் படிவத்தைத் திருப்பித் தந்து, புள்ளடி எப்படிப் போடுவது என்று ஒரு குழந்தைக்குக் காட்டுவதுபோல் காட்டினாள். அன்று பட்ட வெட்கத்தை அவர் வீணாக்கவில்லை. அதற்குப் பிறகு அந்தத் தெருவில் பதினொரு பேருக்கு அவர்தான் அன்ட்ராக் என்ற விண்ணப்பப் படிவத்தை நிரப்பினார். பதினொன்றில் ஒன்றும் திரும்பி வரவில்லை. கீழ்மாடியில் இருந்த சிறீதரனுக்கு இரண்டு வருடம் காத்திருந்து வேலை அனுமதி கிடைத்ததும் அவர் போட்ட புள்ளடியாலேதான்.

அந்தச் சிறீதரனிடம் ஒரு பழைய மஞ்சள் கார் இருந்தது. அரியரத்தினத்துக்குக் கார் ஓட்டத் தெரியாது. அது அவரைக் காரைப் பற்றிப் பேசவிடாமல் தடுத்ததா? "ஓடுறவனுக்கு ஸ்டியரிங் மட்டும்தான் தெரியும். பாத்துக்கொண்டு இருக்கிறவனுக்குத்தான் றோட்டு முழுக்கத் தெரியும்" என்பார்.

அந்தத் தை மாதம் பனி ஒரு கிழமையாகக் கொட்டியது. தெருவோ ஒடுக்கம். இரண்டு பக்கமும் கார்கள் பனிக்குல்லா போட்டுக்கொண்டு வரிசையாக நிற்க, பனி தள்ளும் வண்டி இரண்டு முறை முனைவரை வந்து பெருமூச்சு விட்டுவிட்டுத் திரும்பிப் போனது. சனிக்கிழமை நகரசபை ஆட்கள் வந்து, தெரு நீளத்துக்கும் அறிவிப்புப் பலகைகளைக் கொண்டுவந்து வைத்தார்கள். நீல வட்டம், சிவப்பு விளிம்பு, நடுவே சிவப்பில் ஒரு பெரிய புள்ளடி. கீழே வெள்ளைத் தகட்டில் நாளும் நேரமும். ஒற்றை எண் வீடுகளின் பக்கம் புதன் காலை ஏழு மணி முதல். இரட்டை எண் வீடுகளின் பக்கம் வியாழன் காலை ஏழு மணி முதல்.

செவ்வாய் பின்னேரம் சிறீதரன் மேலே வந்தான். வியாழன் காலை ஆறு மணிக்கு அவனுக்கு வேலையில் முதல் நாள். நகரத்துக்கு வெளியே பதினாலு கிலோமீற்றரில் ஒரு பாண் சுடும் தொழிற்சாலை. அந்த நேரத்துக்கு அங்கே பஸ் கிடையாது. முதல் நாள் வராதவன் இரண்டாம் நாளும் வர வேண்டாம் என்று மேற்பார்வையாளர் கைகொடுக்கும்போதே சொல்லியிருந்தார்.

"அண்ணை, நாளைக்குக் காரை எந்தப் பக்கம் விடுறது?"

அரியரத்தினம் யன்னலடிக்குப் போய்க் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார்.

"அந்த அறிவிப்புப் போட்டிலை என்ன போட்டிருக்கு?"

"புள்ளடி."

"இஞ்சை புள்ளடி எண்டால்?"

"சரி எண்டு அர்த்தம். ஆனா அண்ணை, லைசென்ஸ் புத்தகத்திலை இந்தப் போட்டுக்குக் கீழை நிப்பாட்டவே கூடாது எண்டெல்லோ இருக்கு?"

"அது நிலத்திலை நட்டு நிக்கிற போட். நட்டு நிண்டால் சட்டம். இது தூக்கி வைக்கிற போட், அடியிலை கட்டையைப் பாரும். இது சினோ தள்ளுறதுக்கு எண்டு விசேசமா வைச்சது. புதன்கிழமைக்குப் பொருந்துற பக்கத்துக்குப் புள்ளடி போட்டிருக்கிறான். விளங்குதே?"

"கீழ்வீட்டு ஃபிராவ் கிரேமர் தன்ரை காரை மற்றப் பக்கம் கொண்டுபோய் விட்டிட்டா அண்ணை."

"மனிசிக்கு எழுபது வயது. பயம். ஒற்றை எண் பக்கம் பாரும், ஒரு கார் இல்லை. எவ்வளவு இடம்! எங்களுக்கெண்டு ஒதுக்கித் தந்த மாதிரி."

சமையலறையிலிருந்து கமலநாயகியின் குரல் வந்தது. "ஒருத்தரும் விடாத இடத்திலை ஏன் ஒருத்தரும் விடேல்லை எண்டு ஒருக்கா யோசிச்சால் என்ன?"

"நீர் மூண்டு பனிக்காலம்" என்றார் அரியரத்தினம், திரும்பிப் பார்க்காமலே.

சிறீதரன் என்ன செய்வான்? தன் வேலை அனுமதிக்குப் புள்ளடி போட்ட கையை நம்பாமல் வேறு எந்தக் கையை நம்புவான்? காரை ஒற்றை எண் பக்கத்தில், பலகைக்கு நேர் கீழே, தாராளமாக நிறுத்தினான். புதன் காலை எட்டு மணிக்கு அவனுக்குச் சுகாதார அலுவலகத்தில் டெர்மின் இருந்தது. பாண் தொழிற்சாலைக்கு அந்தச் சான்றிதழ் வேண்டும். இவ்வளவு நல்ல இடத்தை விட்டுக் காரை எடுக்க மனம் வராமல் டிராமில் போனான். போகும்போது "எதுக்கும் இருக்கட்டும்" என்று கார்த் திறப்பை அரியரத்தினத்திடம் கொடுத்துவிட்டுப் போனான்.

ஒன்பது மணிக்குப் பனி தள்ளும் வண்டி வந்தது. அந்தப் பக்கம் முழுதும் துடைத்து வைத்த தட்டுப்போல் வெறுமையாய்க் கிடக்க, நடுவில் ஒரே ஒரு மஞ்சள் கார். வண்டி ஊதியது. யன்னல் திரைகள் ஒவ்வொன்றாக விலகின. செம்மஞ்சள் சட்டை போட்ட ஒருவர் இறங்கிக் காரைச் சுற்றி வந்தார், பலகையைப் பார்த்தார், மறுபடி காரைப் பார்த்தார், பிறகு வண்டிக்குள் ஏறி வயர்லெஸில் பேசினார். கால் மணி நேரத்தில் கார் இழுக்கும் வண்டி வந்து சேர்ந்தது.

அரியரத்தினம் குளிர்ச்சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கினார். படிகளில் இறங்கும்போது அவருக்குப் பயமிருந்ததாக நினைக்கிறீர்களா? இல்லை. அந்த மனிதருக்குச் சட்டத்தை எப்படி விளங்கப்படுத்துவது என்பதை மட்டும் யோசித்துக்கொண்டு போனார். விளங்கப்படுத்தவும் செய்தார். படிவம், கட்டம், புள்ளடி, பொருந்துவது, புதன்கிழமை. நாலு பனிக்காலத்து ஜெர்மன் மொழி முழுவதையும் அந்த நடைபாதையில் கொட்டினார். செம்மஞ்சள் சட்டை கடைசி வரைக்கும் பொறுமையாகக் கேட்டது.

"கார் உங்களுடையதா?"

"இல்லை. ஆனால் திறப்பு என்னிடம்."

"நல்லது. அப்படியானால் எடுங்கள்."

அரியரத்தினம் திறப்பைப் பார்த்தார். திறப்பு அவரைப் பார்த்தது. இழுக்கும் வண்டிக்காரன் கொக்கியை இறக்கினான்.

"இழுத்துப்போனால் எப்போது திரும்ப எடுக்கலாம்?"

"சொந்தக்காரர் கடதாசிகளோடு வரவேண்டும். இன்றைக்கு மட்டும் முப்பது கார். வெள்ளிக்கிழமை பின்னேரம் வந்து பாருங்கள்."

வெள்ளிக்கிழமை! அரியரத்தினம் விரல் மடித்தார். பதினாலு கிலோமீற்றர், ஆறு மணி, பஸ் இல்லை. இரண்டு வருடம் சிறீதரன் காத்திருந்து பெற்ற அனுமதிக்கு அவர் போட்ட அந்தப் புள்ளடி, நாளை விடியும்போது வெறும் இரண்டு கோடாகிவிடும். அப்போதும் அவர் வாயில் வந்தது என்ன? "இந்தப் பலகையை வைத்த முறையிலேயே ஒரு தவறு..." என்று தொடங்கினார். கொக்கி காரின் முன்பக்கத்தில் 'டங்' என்று பட்டது.

மேலே யன்னல் படாரென்று திறந்தது.

"இஞ்சேருங்கோ! தெரியாது எண்டு சொல்லுங்கோவன்! ஒருக்காச் சொன்னால் வாய் வெந்தா போகும்?"

உண்மை என்னவென்றால், நாலு வருடத்தில் அவர் அந்த ஒரு வசனத்தைப் படிக்கவில்லை. தேவைப்படவில்லை. கமலநாயகிக்கு அது தெரிந்திருந்தது. கீழ்வீட்டு ஃபிராவ் கிரேமரோடு கதைத்துப் பழகிய பெண், இரண்டு பேச்சுக்கு ஒருமுறை அதைத்தான் சொல்வார். இப்போது யன்னலில் பாதி உடம்பு வெளியே தொங்க, தெரு முழுக்கக் கேட்கும்படி எடுத்துக் கொடுத்தார்.

"இஷ் வைஸ் நிஷ்ட்! சொல்லுங்கோ!"

அரியரத்தினம் தொண்டையைச் செருமினார். ஏதோ மருந்து விழுங்குகிறவர்போல் கண்ணை மூடினார்.

"இஷ் வைஸ் நிஷ்ட்" என்றார். எப்படி ஓட்டுவதென்று தெரியாது. பலகை சொல்வது என்னவென்றும்... தெரியாது.

வானம் இடிந்து விழவில்லை. நடந்தது வேறு. செம்மஞ்சள் சட்டைக்காரர் முதல் தடவையாக அவரை ஒரு மனிதனைப் பார்ப்பதுபோல் பார்த்து, கொக்கிக்காரனை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார். கீழ்வீட்டு வாசலில் நின்ற ஃபிராவ் கிரேமர், வீட்டுச் செருப்போடு பனியில் சறுக்கிச் சறுக்கி வந்து, அவர் கையிலிருந்த திறப்பை எடுத்துக்கொண்டார். எழுபது வயது, பயந்த மனுஷி. இரண்டே திருப்பில் காரை எடுத்து, எதிர்ப்பக்கம் தன் காருக்குப் பின்னால் ஒரு சாண் இடைவெளியில் நிறுத்தி, திறப்பைத் திருப்பிக் கொடுத்து, "அந்தப் புள்ளடி 'கூடாது' என்று சொல்கிறது, அரியரத்தினம்" என்றார். பனி தள்ளும் வண்டி போனது. திரைகள் மூடின.

வியாழன் காலை ஐந்தே காலுக்கு மஞ்சள் கார் கிளம்பிய சத்தத்தைக் கேட்ட பிறகுதான் அரியரத்தினம் போர்வைக்குள் மூச்சு விட்டார். சிறீதரன் ஆறுக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே தொழிற்சாலை வாசலில் நின்றான்.

அத்தோடு அவர் திருந்தியிருப்பார் என்று நினைக்கிறீர்கள். இந்த வகை மனிதரை உங்களுக்கு இன்னும் விளங்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையே, புதிதாக வந்த இரண்டு குடும்பங்களை முன்னால் இருத்தி, அரியரத்தினம் விரல் மடிக்கத் தொடங்கிவிட்டார்.

"தம்பிமார், கவனமாக் கேளுங்கோ. இந்த நாட்டிலை 'தெரியாது' எண்டு சொல்லுறதுக்கும் ஒரு முறை இருக்கு. கெதியாச் சொல்லக் கூடாது. முதலிலை தொண்டையைச் செருமவேணும். தோள் இவ்வளவுதான் உயரவேணும், பாருங்கோ, கூடினால் மரியாதைக் குறைவு. பிறகு கண்ணை மூடவேணும். அப்பதான் அவன் இரங்குவான். இதை இஞ்சை முதன்முதல் சொன்னது ஆர் எண்டு நினைக்கிறீங்கள்?"

"ஆர் அண்ணை?"

சமையலறையில் ஏதோ ஒரு பாத்திரம் வேண்டுமென்றே கீழே விழுந்தது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரித்த கையோடு பக்கத்தில் இருப்பவர் பக்கம் திரும்பி, "இது எசனிலைதான் இப்பிடி, எங்கடை வுப்பர்டாலிலை சினோ தள்ளுறது வேறை மாதிரி, சொல்லுறன் கேளுங்கோ" என்று தொடங்கியும் விட்டீர்கள். தொடருங்கள், குற்றமில்லை. ஒரே ஒரு தடவை மட்டும் நிறுத்தி, பக்கத்தில் இருப்பவர் அதை உங்களிடம் கேட்டாரா என்று அவருடைய முகத்தைப் பாருங்கள்.