அப்பாவுக்காக எழுந்து நின்ற சபை

மாண்புமிகு மாமாவுக்கு,

தொட்டி மசோதாவைக் கொன்றது நீங்கள்தான். முதலில் நலம் விசாரிக்க வேண்டும் என்று அம்மா சொன்னாள், நலமா? நாங்களும் நலமாக இருப்பதாக எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன்.

புதிய சபை முதல் பத்து நாளில் இருபது சட்டம் போடும் என்று சுவரெல்லாம் உங்கள் படத்தோடு ஒட்டினார்கள். சாயப்பட்டறைக் கழிவுத் தொட்டிக்குள் இனி மனிதனை இறக்கக் கூடாது, மெஷினைத்தான் இறக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. தேர்தலுக்கு முந்தின மாதம்தான் அப்பா அந்தத் தொட்டியில் செத்தார். அந்த ஒரு வரியை நம்பித் தெருவே உங்களுக்கு ஓட்டுப் போட்டது. முதலாளி அண்ணனைக் கூப்பிட்டு, "சட்டம் வந்தா மெஷின் வாங்கறேன்டா. வரலேன்னா அப்பன் வேலை உனக்குத்தான். சபை முடிஞ்ச திங்கக்கிழமை வந்துடு" என்றார். அன்றைக்கு டிவி முன்னால் உட்கார்ந்தவன்தான் அண்ணன், சோறுகூட அங்கேதான்.

முதல் நாள் முழுக்கச் சபாநாயகரை வாழ்த்தினீர்கள். ஒருவர் சூரியன் என்றார், அடுத்தவர் சந்திரன் என்றார், கடைசியில் பேசியவர் வானத்தில் எதுவும் மிச்சமில்லாமல் "எங்கள் குடை" என்று சொல்லி உட்கார்ந்தார். மறுநாள், மின்விசிறிக்குக் கீழே யார் உட்காருவது என்று சண்டை. ஒருவழியாகத் தொட்டி மசோதா வந்தது, நீங்கள் எழுந்தீர்கள், பாதித் தெரு எங்கள் வீட்டுக்குள் நின்று கைதட்டியது. "என் அக்கா வீட்டுக்காரர்" என்று ஆரம்பித்து அழுதீர்கள். அதோடு "ஆதரிக்கிறேன்" என்று உட்கார்ந்திருக்கக் கூடாதா? "அவருக்கு இந்தச் சபை அஞ்சலி செலுத்தணும்"னு யார் உங்களைக் கேட்கச் சொன்னது? நாற்காலிக்கு அடித்துக்கொண்ட இரண்டு தரப்பும் ஒன்றாக எழுந்து நின்றன. உறுப்பினர் வீட்டுத் துக்கம் என்றால் அன்றைக்குச் சபையை ஒத்திவைப்பது மரபாமே! சபாநாயகர் மணியடித்தார், எல்லோரும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சாப்பிடப் போனார்கள். மறுநாள் வேறு மசோதாக்கள் முண்டியடித்தன; எங்களுடையது அடுத்த கூட்டத்தொடருக்குப் போய்விட்டது. அது எப்போது என்று யாருக்கும் தெரியவில்லை.

"உங்கப்பாவுக்கு எவ்வளவு மரியாதை பாத்தியாடி! மந்திரியெல்லாம் எழுந்து நிக்கறாங்க!" என்றாள் பக்கத்து வீட்டுத் தையல்கார அக்கா. அண்ணன் டிவியை அணைத்தான். "நான் செத்தா எத்தனை நாள் லீவு விடுவாங்க?" என்று கேட்டான்.

உங்களுக்குப் போன் போட்டால் உதவியாளர்தான் எடுக்கிறார். "ஐயா ரொம்பத் துக்கத்துல இருக்கார்ம்மா. பாராட்டு விழாவுக்குப் போயிருக்கார்."

உங்கள் பதவி நீடிக்கட்டும், மின்விசிறி உங்கள் தலைக்கு மேலேயே சுற்றட்டும். இனி எங்கள் வீட்டுப் படி ஏறாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் அக்காவின் இளைய மகள்

பி.கு.: படி ஏறாதீர்கள் என்ற வரியை அம்மா அடித்துவிடச் சொல்கிறாள். "அவன் என் தம்பிடி. அவன் அழுதது நெசம்" என்கிறாள். எனக்கும் அது தெரியும். அதனால் மேலே உள்ளதெல்லாம் எழுதாததாகவே இருக்கட்டும். வாருங்கள். திங்கட்கிழமை காலையில் நேராகப் பட்டறைக்கு வாருங்கள். அண்ணன் இடுப்பில் கயிறு கட்டி இறக்குவார்கள். மேலே நின்று கயிற்றைப் பிடிக்கத் தனியாக ஆள் வைக்க முதலாளிக்குக் கட்டுப்படியாகாதாம். நீங்கள் வந்து பிடியுங்கள், மாமா.