மிதிபலகையின் நாடித்துடிப்பு

எங்கள் கடை உரிம அலுவலகத்தில் ஒரு சுவர்க்கடிகாரம் உண்டு. அது பத்து மணி பத்து நிமிடத்தில் நின்று ஆறு வருடமாகிறது. பழுது பார்க்கச் சொல்லி இதுவரை யாரும் குறிப்பு எழுதவில்லை. அலுவலகம் தொடங்கும் நேரம் பத்து. பத்து நிமிடச் சலுகை விதியிலேயே இருக்கிறது. ஆகவே எத்தனை மணிக்கு உள்ளே வந்து அண்ணாந்து பார்த்தாலும் நாங்கள் சரியான நேரத்துக்கு வந்தவர்களாகவே இருந்தோம்.

இப்படி ஒழுங்காக நடந்துகொண்டிருந்த அலுவலகத்துக்குத்தான் தலைமை அலுவலகம் பதினொரு ஸ்மார்ட் வாட்சுகளை அனுப்பிவைத்தது.

கூடவே வந்த சுற்றறிக்கை நான்கு பக்கம். ‘பணியாளர்தம் உடல்நலமும், அதன் வாயிலாகப் பொதுமக்கள் நலமும் மேம்படும் பொருட்டு’ என்று தொடங்கிய வாக்கியம் இரண்டாம் பக்கத்தின் நடுவில்தான் மூச்சு விட்டது. சாரம் இவ்வளவே: வாட்ச் அறுபது நாள் தினமும் கட்டப்பட்டிருக்க வேண்டும். நாளொன்றுக்கு எட்டாயிரம் அடி நடந்ததாக அது காட்ட வேண்டும். காட்டாதவர் பெயர் பதவி உயர்வுப் பட்டியலில் ஏறாது. அறுபதாம் நாள், ‘இந்த வாட்ச் அன்றாடம் கட்டிக்கொள்ள உண்மையிலேயே பயன்படுகிறதா, பயன்படுமாயின் எந்த அம்சத்தால்’ என்று அறிக்கை அனுப்ப வேண்டும்.

அறிக்கை எழுதும் வேலை தலைமை எழுத்தரான என் தலையில் விழுந்தது. பிழையில்லாமல் எழுதுகிறவன் என்ற கெட்ட பெயர் எனக்கு ஏற்கெனவே உண்டு.

முதல் வாரம் நான் ஒவ்வொரு அம்சமாகக் குறித்துவந்தேன். வெளியே மழை பெய்கிறது என்று ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவருக்கு வாட்ச் சொன்னது. பையில் இருந்த போன் அடித்தபோது, போன் அடிக்கிறது என்று அதிர்ந்து தெரிவித்தது. மதியம் இரண்டிலிருந்து மூன்று வரை பதினொரு பேரும் ஆழ்ந்து உறங்கியதாகப் பதிவுசெய்து, தரம் ‘மிகச் சிறப்பு’ என்றது. ஆனால் அடிகள் மட்டும் ஏறவில்லை. எனக்கு ஆயிரத்து இருநூறு. அதிகாரிக்கு எழுநூறு. என் மனைவி கேட்டாள்: “வீட்ல ஒரு டம்ளரை எடுத்து வைக்க எந்திரிக்க மாட்டீங்க. இதுல எட்டாயிரமா?”

எல்லாரிலும் குறைவு முத்திரை அண்ணனுக்கு. உரிமத்தில் அலுவலக முத்திரையைக் குத்துவது அவர் வேலை. ஒருமுறை குத்திய முத்திரையைத் திரும்ப எடுக்க முடியாது என்பதை முழுமையாக உணர்ந்தவர் அவர். ஆகவே ஒரு விண்ணப்பத்தைப் படிப்பார், முத்திரையைக் கையில் எடுப்பார், யோசிப்பார், கீழே வைப்பார், டீ குடித்துவிட்டு வருவார். நாளொன்றுக்கு ஆறு. அவர் மேஜையில் நானூற்றுப் பன்னிரண்டு விண்ணப்பங்கள் இருந்தன.

அதில் ஒன்று தையல்காரம்மாவுடையது. சந்தைக் கட்டடத்தில் இரண்டு மெஷின் போட்டுக் கடை வைத்திருப்பவள். கழுத்தில் அளவு நாடாவோடுதான் அலுவலகத்துக்கு வருவாள். அந்த மாதக் கடைசி நாள் மாலை ஐந்துக்குள் உரிமத்தைப் புதுப்பித்துக் காட்டாவிட்டால், கடை அடுத்தவருக்குப் போய்விடும். அடுத்தவர் செல்போன் உறை விற்பவர். இப்போதே அவள் கடைவாசலில் நின்று அலமாரிக்கு இடம் அளந்துகொண்டிருந்தார்.

“அண்ணே, நாலு மாசமாச்சு. ஒரே ஒரு முத்திரை.”

“ஒரே ஒரு முத்திரைன்னு சுலபமா சொல்றம்மா,” என்பார் முத்திரை அண்ணன். “பொறுப்பு யாரோடது?”

ஒன்பதாம் நாள் ஒரு சம்பவம் நடந்தது. அதிகாரியின் மைத்துனருக்கு வேண்டிய நாற்பது பேரின் விண்ணப்பங்கள் மேலிருந்து அவசரமாக இறங்கின. வேறு வழியில்லாமல் முத்திரை அண்ணன் யோசிக்காமல் குத்தினார். ஒவ்வொன்றிலும் நான்கு இடத்தில். முடித்துவிட்டு வியர்வையைத் துடைக்கக் கையைத் தூக்கியபோது வாட்ச் பேசியது: நூற்று அறுபது அடி.

“சார், நான் நாற்காலியை விட்டு எந்திரிக்கவே இல்லை,” என்றார் என்னிடம், ரகசியம் சொல்கிற குரலில்.

சோதித்துப் பார்த்தோம். ஒரு குத்து, ஒரு அடி. இரண்டு குத்து, இரண்டு அடி. வாட்சுக்குத் தெரிந்தது கையின் வீச்சு மட்டுமே. கால் எங்கே இருக்கிறது என்று விசாரிக்கும் வழக்கம் அதற்கு இல்லை.

மறுநாள் பத்து முத்திரைகள் புதிதாகச் செய்யப்பட்டன. அதிகாரிக்கு மரப்பிடி போட்டது. அன்று காலை அலுவலகத்தில் எழுந்த சத்தம் கேட்டு, கட்டடத்தை இடிக்கிறார்கள் என்று எதிர்க்கடைக்காரர் ஓடிவந்தார். நான்கு மாத வேலை பதினொன்றரை மணிக்குள் முடிந்தது. மக்கள் கண் கலங்கினார்கள். ஒரு பத்திரிகைக்காரர் வந்து, விழித்தெழுந்த அலுவலகம் என்று எழுதினார். வாட்சுகளில் சின்னச் சின்ன வாணவேடிக்கைகள் தோன்றி எங்களை வாழ்த்தின.

சிக்கல் பதினொன்றரைக்கு மேல்தான் தொடங்கியது. விண்ணப்பங்கள் தீர்ந்துவிட்டன, அடிகள் தீரவில்லை. குத்திய காகிதத்திலேயே மறுபடி குத்தினோம். பின்பக்கம் குத்தினோம். ‘விண்ணப்பங்கள் இனி பன்னிரண்டு பிரதிகளில் அளிக்கப்பட வேண்டும்’ என்று நானே ஓர் அறிவிப்பு எழுதினேன். அது நல்ல நடையில் அமைந்திருந்தது என்று அதிகாரி பாராட்டினார்.

தையல்காரம்மாவின் உரிமம் அந்த வெள்ளத்தில் வெளியே வந்தது. அதை அவள் சந்தை மேற்பார்வையாளரிடம் கொண்டுபோனாள். அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார்.

“இது என்னம்மா?”

“உரிமம் சார்.”

“பேர் எங்க இருக்கு? கடை எண் எங்க? ஒரே ஊதாவா இருக்கே. முத்திரை தெளிவா இருக்கணும்னு விதி.”

“முத்திரை இருநூத்திப் பன்னிரண்டு இருக்கு சார். நானே எண்ணினேன்.”

“ஒண்ணு இருந்தா போதும். இது செல்லாது.”

மாதம் முடிய மூன்று நாள் இருந்தது. புதிதாக விண்ணப்பம் கொடுத்தாள். அதுவும் ஊதாவாகத் திரும்பியது. கடைசி நாள் மதியம் மூன்றாவது விண்ணப்பத்தோடு வந்து, அதை முத்திரை அண்ணனிடம் தராமல் மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அண்ணே, ஒண்ணே ஒண்ணு குத்திட்டு நிறுத்திடுங்க.”

“ஒண்ணோட எப்படிம்மா நிறுத்தறது? எனக்கு இன்னும் மூவாயிரம் பாக்கி. ஆரம்பிச்சா கை நிக்காது.”

“சரி, மூவாயிரத்தையும் வேற காகிதத்துல குத்திட்டு, கடைசியா என்னோடதுல ஒண்ணு.”

“எட்டாயிரம் ஆனதும் வாட்ச் ஓய்வெடுக்கச் சொல்லுது. ஓய்வு நேரத்துல முத்திரையைத் தொட்டா, பதற்றம் அதிகம்னு தலைமை அலுவலகத்துக்குத் தகவல் போயிடும்.”

“அப்ப எட்டாயிரத்துக்கு முன்னாடியும் முடியாது, பின்னாடியும் முடியாது.”

“நீயே புரிஞ்சுக்கிட்ட,” என்றார் முத்திரை அண்ணன் நிம்மதியாக.

அவள் என்னைப் பார்த்தாள். நான் நியாயஸ்தன் என்ற எண்ணம் அவளுக்கு எப்படியோ இருந்தது. நான் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து பத்து. நேரம் நிறைய இருப்பது போலத்தான் தெரிந்தது. உண்மையில் மணி நான்கு.

அவள் சிறிது நேரம் முத்திரை அண்ணனின் கை ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். தைக்கிறவளின் பார்வை அது. எங்கே வெட்டினால் துணி மிஞ்சும் என்று தேடுகிற பார்வை.

“சார், இந்த வாட்சுக்குக் கைதான் வேணுமா? இல்ல ஆட்டினா போதுமா?”

“ஆட்டினால் போதும்.”

“என் மெஷின்ல மிதிபலகை நாள் முழுக்க மேலயும் கீழயும் போயிட்டுத்தான் இருக்கு. எல்லாத்தையும் அதுல கட்டிவிடறேன். உங்களுக்கு அடி ஏறும். அண்ணன் கை சும்மா இருக்கும். சும்மா இருக்கிற கையால எனக்கு ஒரு முத்திரை குத்தட்டும்.”

அறையில் சத்தம் நின்றது. முறைப்படி நான் சுற்றறிக்கையை எடுத்துப் படித்தேன். தினமும் கட்டப்பட்டிருக்க வேண்டும் என்றுதான் இருந்தது. எதில் என்று இல்லை. அதிகாரியிடம் சொன்னேன். அவர் மரப்பிடி முத்திரையைக் கீழே வைத்துவிட்டு, தோள்பட்டையைத் தேய்த்துக்கொண்டே, “பொதுமக்கள் பங்கேற்புன்னு கோப்புல எழுதிக்கோங்க,” என்றார்.

முத்திரை அண்ணன் வாட்சைக் கழற்றினார். விண்ணப்பத்தை வாங்கிப் படித்தார். முத்திரையை எடுத்தார், யோசித்தார், கீழே வைக்கப் போனார். தையல்காரம்மா அவர் மணிக்கட்டை ஒரு விரலால் தாங்கிப் பிடித்தாள். அவர் குத்தினார். ஒன்றே ஒன்று. வட்டமாக, தெளிவாக, எழுத்து எழுத்தாகப் படிக்கும்படி. அந்த அலுவலகத்தில் அவ்வளவு அழகான ஒரு பொருளை நான் பார்த்ததில்லை. ஐந்து மணிக்கு எட்டு நிமிடம் முன்னால் அதை அவள் மேற்பார்வையாளரின் மேஜையில் வைத்தாள். உறைக்காரர் அளவுகோலை மடித்துக்கொண்டு போனார்.

அதன்பின் நடந்தவை எல்லாம் எங்கள் அறிக்கையில் உள்ளபடி சிறப்பாகவே நடந்தன. தினமும் காலை பதினொரு வாட்சுகளும் ஒரு துணிப்பையில் தையல் கடைக்குப் போகும், மாலையில் திரும்பும். அவள் மிதிக்கும் மெஷினில் ஆறு, கடையில் கூடத் தைக்கும் நாத்தனாரின் மெஷினில் ஐந்து. மிதிபலகைக்கு நாடித்துடிப்பு எழுபத்திரண்டு என்று வாட்ச் காட்டியது. அதிகாரிக்கு அது ஒருநாளும் அவ்வளவு சீராக இருந்ததில்லை. அலுவலகத்தில் பழைய அமைதி திரும்பியது. முத்திரை அண்ணன் மறுபடி யோசிக்கத் தொடங்கினார். நாளொன்றுக்கு ஆறு.

அறுபதாம் நாள் நான் எழுதினேன்: ‘மேற்படி வாட்ச் அன்றாடம் கட்டிக்கொள்ள மிகவும் பயன்படுகிறது. கட்டியிருப்பதே தெரிவதில்லை.’ இரண்டாவது வாக்கியம் நூற்றுக்கு நூறு உண்மை என்பதால் எனக்குத் திருப்தியாக இருந்தது. எழுதி முடித்தபின்தான் ஒன்று உறைத்தது. அந்த அறுபது நாளில் யாரும் அதில் மணி பார்க்கவில்லை. அந்த அம்சத்துக்குப் படிவத்தில் கட்டமும் இல்லை.

நாட்டிலேயே சுறுசுறுப்பான அலுவலகம் என்று எங்களைத் தலைமை அலுவலகம் தேர்ந்தெடுத்தது. திட்டமும் காலவரையின்றி நீட்டிக்கப்பட்டது. விருது வாங்க நான் போவதாக ஏற்பாடு. ஒரு நல்ல சட்டைக்குத் துணி எடுத்துத் தையல்காரம்மாவிடம் கொடுத்திருந்தேன். விழாவுக்கு முந்தின நாள் மதியம் வாங்கப் போனேன்.

இரண்டு மெஷினும் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தன. ஊசிக்குக் கீழே எதுவும் இல்லை.

“என்னம்மா, துணியே காணோம்?”

“துணி வெச்சா வேகம் குறையுது சார். அதிகாரி இப்ப பன்னிரண்டாயிரமா ஏத்தச் சொல்லிட்டாரு, பேர் கெட்டுடக் கூடாதாம்.”

“என் சட்டை?”

அலமாரியைக் காட்டினாள். இரண்டு கைகளும் ஒரு காலரும் வெட்டிய நிலையில் இருந்தன. மேலே தூசி.

“விழா நாளைக்கு.”

“அடுத்த வருஷ உரிமத்துக்கு இப்பவே மனு குடுத்திருக்கேன். எத்தனாவது இருக்கு சார்?”

“முந்நூற்று நாற்பதாவது.”

“அப்ப நீங்களே சொல்லுங்க, நான் காலை எடுக்க முடியுமா? என் கடை அண்ணன் கையில இருக்கு. அண்ணன் நடை என் கால்ல இருக்கு.”

அவள் வாசலை எட்டிப் பார்த்தாள்.

“மணி என்ன ஆச்சு சார்? பொண்ணுக்குப் பள்ளிக்கூடம் விட்டிருப்பாங்க. போய்க் கூட்டிட்டு வரணும்.”

என்னையறியாமல் மணிக்கட்டைத் திருப்பினேன். வாட்ச் இருந்த இடத்தில் வெளிறிய ஒரு தடம் மட்டும் இருந்தது. இருவரும் குனிந்து பார்த்தோம். மிதிபலகைகளில் பதினொரு முகங்களும் நேரத்தைக் காட்டியபடி ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. ஒன்றைக்கூடப் படிக்க முடியவில்லை.

“ஒரு நிமிஷம் நிறுத்தட்டுமா? பாத்துச் சொல்லிடுங்க,” என்றாள்.

“என்னுடையது எவ்வளவு ஆகியிருக்கும்?”

“உங்களோடது நாத்தனார் மெஷின்ல சார். அவ கொஞ்சம் மெதுவு. எப்படியும் ரெண்டாயிரம் குறையும்.”

“அப்படியானால் நிறுத்த வேண்டாம்,” என்றேன். “உத்தேசமாகப் பத்து பத்து இருக்கும்.”