திறக்காத பெட்டியின் மகாத்மியம்

ஓவியத்தைக் கண்ணால் பார்த்து ரசிக்கும் காட்டுமிராண்டிக் காலத்தை மனிதகுலம் வெற்றிகரமாகக் கடந்துவிட்டது. படத்தை மரப்பெட்டிக்குள் வைத்து ஆணியடித்து, குளிரூட்டிய கிடங்கில் பூட்டி, விலையை மட்டும் பார்த்துப் பரவசப்படுவதே இன்றைய உயர்ந்த ரசனை. இந்த நாகரிகத்தின் அருமை தெரியாத ஒரே ஆள், என்ன செய்வது, நம் ஓவியர்தான். உயிரோடிருக்கும் ஓவியர்களில் அதிக விலை போனவர்களின் பட்டியலில் தன் பெயர் முதலிடத்தில் வந்த செய்தியை, அவர் பல் தேய்த்துக்கொண்டே படித்தார்.

"‘சன்னலோரம்’ மறுபடி ஏலம் போயிருக்காம்," என்று மனைவியிடம் நாளிதழை நீட்டினார்.

மனைவியின் முகம் சுருங்கியது. அந்தப் படத்தில் ஈரத் தலையோடு சன்னலோரம் உட்கார்ந்து சிரிப்பது அவர்தான். வீடு மாற்றுகிற செலவுக்காகக் கணவர் அதை விற்றதை அவர் இன்னும் மன்னிக்கவில்லை.

"என்னை வித்தது போகட்டும். அலமாரிக் கதவையாவது தேடிக் கொடுங்க. எத்தனை வருஷமா போர்வையைத் தொங்கவிட்டுக் காலம் தள்றேன்!"

வீடு மாறும்போது கழற்றித் தனித்தனிப் பெட்டியில் கட்டிய இரண்டு கதவுகளில் ஒன்று வந்து சேரவேயில்லை. பின்னறையில் ஒரு மரப்பெட்டி மட்டும் கிடந்தது. உள்ளே பழைய சட்டங்கள் என்று நினைத்து, ஓவியர் அதன்மேல் தேநீர் வைத்துக் குடித்து வந்தார். பொறுமை போன மனைவி அன்றைக்குச் சுத்தியலை எடுத்து மூடியைப் பெயர்த்தார். உள்ளே, ஈரத் தலையோடு அவரே சிரித்துக்கொண்டிருந்தார்.

மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. ஓவியருக்குத் திடீரென்று உறைத்தது. படம் வைத்த பெட்டியும் கதவு வைத்த பெட்டியும் ஒரே அளவு. அப்படியானால் ஏலம் போனது எது?

நேர்மை என்கிற பழைய நோய் அவருக்கு உண்டு. உடனே ஏலக்கூடத் தலைவரைப் பார்க்க ஓடினார். தலைவரின் அறைச் சுவரில் படம் எதுவும் கிடையாது. விலை ஏறிய கோடுகள் மட்டும் தங்கச் சட்டத்துக்குள் தொங்கின.

"நீங்க வித்தது என் படம் இல்லைங்க. எங்க வீட்டு அலமாரிக் கதவு."

தலைவர் பதறவில்லை. "பெட்டியைத் திறந்து பார்த்தீங்களா?"

"இல்லைங்க. இங்க யாராவது பார்த்தீங்களா?"

"என்ன பேச்சு பேசறீங்க! திறந்தா தூசி படும், வெளிச்சம் படும், விலை இறங்கும். இத்தனை பேர் கை மாறியிருக்கு, ஒருத்தராவது மூடியைத் தொட்டிருப்பாங்களா? அவ்வளவு மரியாதை உங்க கலை மேல."

"நிபுணர் சான்று கொடுத்தாரே?"

"பெட்டியைச் சுத்திச் சுத்தி வந்து பார்த்துட்டுத்தான் கொடுத்தார். தூக்கிக்கூடப் பார்த்தார். ‘கனமான படைப்பு’ன்னு எழுதியிருக்கார்."

"தேக்குக் கதவுங்க. கனமாத்தான் இருக்கும்."

தலைவர் குரலைத் தாழ்த்தினார். "அசல் பெட்டியில இருக்கு. அப்ப உங்க வீட்டுல இருக்கறது போலி. அதை வரைஞ்சது யாரு?"

"நான்தான்."

"பாருங்க, நீங்களே ஒத்துக்கறீங்க! போலியை வெச்சிருக்கக் கூடாது. நாளைக்கு ஆளோட வந்து எடுத்து எரிச்சிடறோம்."

மறுநாள் வெள்ளைக் கையுறை போட்ட இரண்டு பேரோடு தலைவர் வந்து நின்றார். ஓவியர் ஓரமாக ஒதுங்கிக்கொண்டார். மனைவி படத்துக்கு முன்னால் வந்து இடுப்பில் கைவைத்துக்கொண்டார்.

"தாராளமா எரிங்க. ஆனா முதல்ல என் கதவு வரணும். கிடங்குக்கு நானும் வரேன், சுத்தியலும் வருது. பத்திரிகைக்காரங்களையும் கூப்பிடுவோம். எல்லாரும் பார்க்கறாப்பல பெட்டியைத் திறப்போம்."

தலைவருக்கு வியர்த்துவிட்டது. தலைமுறை தலைமுறையாகக் கட்டிக் காத்த ரசனையை ஒரு சுத்தியலிடம் பலி கொடுக்க அவர் தயாராக இல்லை. கலையின் நன்மை கருதி உடன்பாடு ஏற்பட்டது. படம் வீட்டிலேயே இருக்கலாம். அதன் பின்புறம் ‘போலி’ என்று ஒட்டவேண்டும். அதைத் தான் வரையவில்லை என்று ஓவியர் கையெழுத்துப் போடவேண்டும். போட்டார். மனைவியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே, சந்தோஷமாகப் போட்டார்.

கிளம்பும்போது அலமாரியில் தொங்கிய ஒற்றைக் கதவு தலைவரின் கண்ணில் பட்டது.

"இது... அதோட ஜோடியா?"

"ஆமாங்க."

"ஐயையோ, பார்க்காதீங்க! யாரும் பார்க்காதீங்க! சீக்கிரம் பெட்டியில போட்டு ஆணியடிங்க!"

அடுத்த ஏலத்தில் அது முந்தைய சாதனையை முறியடித்தது. கிடைத்த பங்கில் மனைவி இரும்பு அலமாரி வாங்கிவிட்டார்.

கூடத்தில் மாட்டிய படத்தின் முன்னால் பக்கத்து வீட்டுப் பெண் நெடுநேரம் நின்றாள்.

"அக்கா, உங்க சிரிப்பு அப்படியே இருக்கு! இவ்வளவு அழகான படம், இது ஏன் விலை போகல?"

"அதைத் திறந்து பார்த்துட்டோம்மா," என்றார் மனைவி.