களிமண் மாமாவின் சிவப்புக் கார்

கடலூரில் கார் வைத்திருப்பவர்கள் எல்லாரும் அதில் ஏறிப் போவதற்காகத்தான் வைத்திருக்கிறார்கள். தடவிப் பார்ப்பதற்கென்றே ஒரு காரை வைத்திருந்தவர், எனக்குத் தெரிந்து, களிமண் மாமா ஒருவர்தான்.

அப்போது நான் புதுப்பாளையத்தில் அவர் வீட்டு மாடியில் குடியிருந்தேன். கீழே அவரும் அத்தையும். மாமா அரசு அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளராக இருந்தார். அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் எதிர்வீட்டுக்காரரே உதட்டைப் பிதுக்குவார். களிமண் மாமா என்றால் ஷேர் ஆட்டோக்காரர் வாசலிலேயே கொண்டுவந்து இறக்கிவிடுவார்.

களிமண் என்றதும் குளத்து மண்ணை நினைத்துவிட வேண்டாம். கார் பெயின்ட்டைச் சுத்தம் செய்வதற்கென்றே விற்கிற சரக்கு அது. நீல நிறத்தில், பிசைந்த சப்பாத்தி மாவு போல இருக்கும். துபாயிலிருந்து லீவில் வந்த அவருடைய மச்சான் ஒரு டப்பா கொடுத்துவிட்டுப் போனார். அவர் நிம்மதியாக விமானம் ஏறிவிட்டார். மாட்டிக்கொண்டது எங்கள் தெரு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் மாடிப்படி இறங்கினால் தீர்ந்தது.

"தம்பி, இங்க வா. காரக் கழுவிட்டா சுத்தமாயிடிச்சின்னு நெனைக்கிற பாரு, அதான் தப்பு. இந்தக் கவரக் கையில மாட்டிக்கினு தடவு."

காய்கறி வாங்கி வந்த பிளாஸ்டிக் கவரைக் கையுறை மாதிரி மாட்டிக்கொண்டு தடவுவேன்.

"என்னா தெரியுது?"

"நெறுநெறுன்னு இருக்கு மாமா."

"பாத்தியா! கண்ணுக்குத் தெரியாது. கடல் உப்பு, இரும்புத் தூசி, புகை எல்லாம் பெயின்ட்டு மேல குந்திக்கினு எறங்க மாட்டேங்குது."

பிறகு அந்த இடத்தில் ஷாம்பு தண்ணீரைத் தெளிப்பார். நீலக் கட்டியைத் தட்டையாக்கி, அழுத்தாமல், குழந்தைக்கு எண்ணெய் தேய்ப்பது போல முன்னும் பின்னும் தேய்ப்பார். முதலில் சரசரவென்று சத்தம் வரும். தேய்க்கத் தேய்க்கச் சத்தம் குறையும். முழுக்க நின்றதும் நிமிர்ந்து பார்ப்பார். பரீட்சையில் முதல் மார்க் வாங்கினவன் முகம் அது. கட்டியில் ஒட்டிய அழுக்கை உள்ளே மடித்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போவார். பானெட் முடிவதற்குள் எனக்கு ஓட்டலில் இட்லி தீர்ந்துபோயிருக்கும்.

கட்டி கீழே விழுந்தால் மறுபடி தொடக் கூடாது. மணல் ஒட்டிக்கொண்டு பெயின்ட்டைக் கீறிவிடும். அது நியாயமான விதிதான். ஆனால் கட்டி கீழே விழுந்த துக்கத்தில் அலுவலகத்துக்கு லீவு போட்ட மனிதர் உலகத்தில் வேறு யாரும் இருக்க முடியாது.

குறிஞ்சிப்பாடியிலிருந்து வந்த உறவினர் ஒருவர், குழாயடியில் இருந்த கட்டியைச் சோப்பு என்று நினைத்து நிதானமாகத் தேய்த்துக் குளித்துவிட்டு வந்தார்.

"என்னா சோப்பு மாப்ள இது? ஒடம்பு வழவழன்னு ஆயிடிச்சி. நொரைதான் வரல."

மாமா உறவினரின் முதுகைச் சந்தேகத்தோடு ஒருமுறை தடவிப் பார்த்தார்.

சிதம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்ததைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். வாசலில் ஒரு கட்சிப் பிரமுகரின் வெள்ளைக் கார். மாமாவுக்குக் கை நிற்கவில்லை. தாம்பூலப் பையைக் கையில் மாட்டிக்கொண்டு பின்பக்கமாகப் போனார். டிரைவர் பாய்ந்துவந்து பிடித்துவிட்டார்.

"யாருய்யா நீ? வண்டியில என்னா வெக்கிற?"

"ஒண்ணும் வெக்கல தம்பி. தடவிப் பாத்தேன். ரொம்ப நெறுநெறுன்னு இருக்கு."

"எது?"

"டிக்கிதான். கதவு பரவால்ல."

கூட்டம் கூடிவிட்டது. அத்தை ஓடிவந்து, "இவுரு எல்லா வண்டியும் தடவுவாருங்க, மத்தபடி நல்ல மனுஷன்" என்று சொல்லி மீட்டுவந்தார். பந்தியில் நாங்கள் பாயசத்துக்கு வந்தபோது அதே டிரைவர் பின்னால் வந்து குனிந்தார். "சார், அந்தக் கட்டி எங்க கெடைக்கும்?"

இவ்வளவு செய்தவர் காரை எங்கும் எடுத்துப் போக மாட்டார். அலுவலகத்துக்கு ஷேர் ஆட்டோ. அத்தை கோயிலுக்குக் கூப்பிட்டால், வெயில் ஜாஸ்தி. வெயில் இல்லையென்றால் மேகம் ஜாஸ்தி. இரண்டும் இல்லையென்றால் காக்கா ஜாஸ்தி. ஒருமுறை நச்சரிப்பு தாங்காமல் சில்வர் பீச்சுக்கு எங்களை அழைத்துப் போனார். தூரத்தில் கடல் தெரிந்ததும் உப்புக்காற்று என்று ரிவர்ஸ் எடுத்துவிட்டார். மடியில் வைத்திருந்த சுண்டலை அத்தை வீட்டுக்கு வந்துதான் பிரித்தார்.

இதையெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்த எங்களுக்கு, அந்தக் காரை அவர் எதற்காக வாங்கினார் என்பது மறந்தே போயிருந்தது.

மகள் மலருக்காக வாங்கியது அது. ஒரே பெண். சிதம்பரத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தாள். அவளை வாரக் கடைசியில் அழைத்து வரவும் திரும்பக் கொண்டுபோய் விடவும்தான் கார். சிவப்பு நிறம் அவள் தேர்ந்தெடுத்தது. படிப்பு முடிந்ததும், சிதம்பரத்தில் செல்போன் கடை வைத்திருந்த சரவணனைக் கல்யாணம் செய்துகொண்டு அங்கேயே தங்கிவிட்டாள். பையன் வேறு சாதி. மாமா கத்தவில்லை, யாரையும் அடிக்கப் போகவில்லை. மகளின் பெயரைச் சொல்வதை நிறுத்தினார். மச்சான் கொடுத்துவிட்டுப் போன டப்பாவை முதல்முறையாகத் திறந்தது அந்த வாரம்தான்.

அத்தை மட்டும் சமையலறையில் நின்று மகளோடு ரகசியமாகப் பேசுவார். அந்த நேரம் பார்த்து மாமாவுக்கு, வெயிலில் இளகாமல் இருக்க ஃப்ரிட்ஜில் வைத்த களிமண் தேவைப்படும். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, கண்ணெதிரே இருக்கிற டப்பாவைத் தேடிக்கொண்டே நிற்பார். அத்தை போனை வைத்த பிறகுதான் அது கிடைக்கும்.

அப்படித்தான் மலர் உண்டாகியிருப்பது அவருக்குத் தெரிந்தது. கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

கார்த்திகை மாதம். விடாமல் மழை. மதியம் கீழிருந்து அத்தையின் அலறல் கேட்டு ஓடினேன். சரவணன் போன் செய்திருந்தான். ஏழாம் மாதத்திலேயே மலருக்கு ரத்தப்போக்கு, சிதம்பரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது.

"பஸ்ஸு ஓடுதா பாரு தம்பி" என்று அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார்.

வாசலில் சத்தம். மாமா காரின் உறையை இழுத்து எறிந்துவிட்டு இன்ஜினைக் கிளப்பியிருந்தார். உறை சாக்கடையில் போய் விழுந்தது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஏறுங்க."

ஆலப்பாக்கம் தாண்டியதும் ரோட்டின் மேல் தண்ணீர் ஓடியது. போலீஸ்காரர்கள் வண்டிகளை ஒரு கிராமத்துப் பாதையில் திருப்பிவிட்டார்கள். இரண்டு பக்கமும் வேலிக்கருவை. முள் கிளைகள் காரின் இரு பக்கமும் கீறிக்கொண்டே வந்தன. அந்தச் சத்தத்தில் எனக்குப் பல் கூசியது.

"மாமா, முள்ளு..."

"முள்ளுதான" என்றார். வேகத்தைக் குறைக்கவில்லை.

எதிரே வந்த டிராக்டருக்கு ஒதுங்கியபோது முன்கதவு ஒரு மைல்கல்லில் உரசி நசுங்கியது. அத்தை பின்சீட்டில் சாமி பெயர்களைச் சொல்லிக்கொண்டிருந்தார். மாமா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து ரோட்டை மட்டுமே பார்த்தார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பெண் குழந்தை. பிறந்து கொஞ்ச நேரம் மூச்சு இருந்ததாம். மலருக்கு ஆபத்தில்லை என்றார்கள்.

அத்தை உள்ளே ஓடிப்போய் மகளைக் கட்டிக்கொண்டார். மாமா வார்டு வாசலிலேயே நின்றுவிட்டார். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்த மலர் மெதுவாகத் திரும்பினாள். அப்பாவைப் பார்த்தாள்.

"அப்பா... மழையில வண்டிய எடுத்தியா?"

"எடுத்தேம்மா."

மாமா கட்டிலின் கால்மாட்டில் போய் நின்று, போர்வைக்கு மேலாக அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டார். அவர் தோள் குலுங்குவதைப் பார்க்க முடியாமல் நான் வெளியே வந்தேன்.

வராந்தாவில் சரவணன் நின்றிருந்தான். கையில் துண்டில் சுற்றிய குழந்தை. அடக்கம் செய்ய எடுத்துப் போக வேண்டும். இந்த மழையில் இதற்கு எந்த ஆட்டோவும் வரவில்லை என்றான். பின்னால் வந்து நின்ற மாமாவைக் கண்டதும் ஒரு அடி ஒதுங்கினான். இருவரும் நேருக்கு நேர் நின்றது அன்றுதான் முதல் தடவை.

மாமா சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார்.

"ஓட்டத் தெரியுமா?"

"தெரியும் சார்."

"நீ ஓட்டு. பாப்பாவ எங்கிட்ட குடு."

சரவணன் குழந்தையை அவர் கையில் கொடுத்தான். காருக்குப் பக்கத்தில் வந்ததும் முழங்கால் வரை சேறாக இருந்த தன் கால்களைப் பார்த்துத் தயங்கி நின்றான்.

"ஏறு மாப்ள" என்றார் மாமா.

நான் முன்னால் உட்கார்ந்தேன். அவர் குழந்தையோடு பின்சீட்டில். ரோட்டில் பள்ளம் வரும்போது மட்டும் குரல் கொடுத்தார்.

"மெதுவா மாப்ள. மெதுவா."

நான் முன்னதாகவே பஸ்ஸில் திரும்பிவிட்டேன். சில நாள் கழித்து, பிறந்த வீட்டில் கொஞ்ச நாள் இருக்கட்டும் என்று மலரைக் கடலூருக்கு அழைத்து வந்தார்கள். கார் தெருவில் திரும்பும்போது வாசலில் நின்ற எல்லாரும் பார்த்தோம். சேறு அப்பி, கதவு நசுங்கி, பக்கமெல்லாம் கீறல். யாரும் சிரிக்கவில்லை. களிமண்ணால் கீறலை எடுக்க முடியாது என்பதை அவரே எங்களுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார்.

சரவணன் பைகளை உள்ளே கொண்டுபோனான். மலர் பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள். காற்றுக்காகக் கண்ணாடியைப் பாதி இறக்கியிருந்தார்கள். தூறல் போட ஆரம்பித்தது. மாமா ஒரு குடையை விரித்து, ஜன்னலுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு தெருவிலேயே நின்றார்.

"ஏங்க, எழுப்பி உள்ள கூட்டிக்கினு வாங்க" என்றார் அத்தை.

"இருக்கட்டும். ரொம்ப நாளு கழிச்சித் தூங்கறா."

குடை முழுக்க ஜன்னலுக்கே போயிருந்தது. அவர் தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. நான் மாடிக்கு ஓடிப்போய் என் குடையை எடுத்துவந்து, அவர் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.