செப்புத்தகட்டில் ஒரு புகை

கடலுக்கும் மலைக்கும் நடுவே செங்கரை என்றொரு நாடு இருந்தது. அங்கே அறிஞர்களின் நூல்களை யாரும் படிப்பதில்லை, படங்களைப் பார்ப்பார்கள். ஒவ்வோர் அறிஞரின் உருவத்தையும் செப்புத்தகட்டில் செதுக்கி, தாளில் அச்சிட்டு, தெருமுனைகளில் ஒட்டுவது வழக்கம். மடியில் புத்தகம் திறந்திருந்தால் அவர் பேசலாம். மூடியிருந்தால் பேசக்கூடாது. பக்கத்தில் விளக்கு எரிந்தால் உயிரோடு இருக்கிறார். திரியில் புகை தெரிந்தால் இறந்துவிட்டார். சட்டமும் அதுவே.

படங்களைச் செதுக்கியவன் மாசிலான். அவனுடைய அக்கா நப்பின்னை ஏரிகளை ஆராய்பவள். பெரிய ஏரியின் கரை அடுத்த மழைக்குத் தாங்காது என்று அவள் எழுதியதும் இந்தப் படச்சின்னங்களை ஆளும் சின்னத்துறை அமைச்சர் பட்டறைக்கு வந்தார்.

"புத்தகத்தை மூடிவிடும். அம்மையாருக்கு ஓய்வளிப்பது அரசின் கருணை."

மூடினான். அதன்பின் அவளிடம் கரையைப் பற்றிக் கேட்ட பதினோரு உழவர்கள் சிறைக்குப் போனார்கள்.

அடுத்த ஆணை விளக்கை அணைக்கச் சொன்னது. மாசிலான் சுடரைச் சுரண்டிவிட்டு, திரியிலிருந்து மெல்லிய புகைக்கோடு ஒன்றை இழுத்தான். அன்றே ரேஷன் கடையில், "செத்தவங்களுக்கு அரிசி கிடையாதும்மா" என்றார்கள். இறந்தவர்கள் நகருக்குள் குடியிருக்கலாகாது என்று அவளை ஏரிக்கரையின் அடிவாரத்துக்கு அனுப்பினார்கள்.

போகிற வழியில் அவள் பட்டறைக்கு வந்தாள்.

"ஒரே ஒரு கோடுதானேடா தம்பி. எடுத்துடேன்."

"செம்புல விழுந்த கோடு, சுரண்டினாலும் தடம் காட்டும்க்கா. கையை வெட்டிடுவாங்க."

அவள் அவன் கையைப் பார்த்தாள். "நல்ல கைதான்டா" என்று சொல்லி மூட்டையைத் தூக்கிக்கொண்டாள்.

ஐப்பசியில் கரை உடைந்தது. அவள் உடல்கூடக் கிடைக்கவில்லை.

மக்கள் கொதித்தார்கள். அமைச்சர் மறுபடி வந்தார். "கரை உறுதியானது என்று அறிஞர் ஒருவர் தவறாகச் சான்று தந்திருக்கிறார். உம் அக்காவின் தகட்டில் விளக்கை ஏற்றும். புத்தகத்தைத் திறந்து அந்தச் சான்றை அதில் எழுதும்."

மாசிலான் மூன்று நாள் சுரண்டினான். கோட்டின் பள்ளம் மேலெழும்பத் தகட்டைப் பின்புறமிருந்து தட்டினான். அப்படியும் புதுச் சுடருக்கு மேலே பழைய புகை மங்கலாக அச்சில் விழுந்தது.

"இதென்ன?"

"பழைய தடம், ஐயா. போகாது."

அமைச்சர் உடன் வந்த சேவகர்களிடம் திரும்பினார். "புகை அரசரின் தனி அன்புக்கு அடையாளம் என்று முரசறையுங்கள்."

மறுநாள் காலை, நாட்டில் மிச்சமிருந்த அறிஞர்கள் அனைவரும் பட்டறை வாசலில் வரிசையில் நின்றார்கள்.

"எங்களுக்கும் கொஞ்சம் புகை போட்டுடுங்க, மாசிலான்."

"விளக்கை அணைச்சாத்தான் புகை வரும், ஐயா."

"அதனால என்ன, அணைச்சுடுங்க" என்றார் முதலில் நின்றவர்.