எக்ஸ் பற்றிய அவசரப் பொதுக்கூட்டம்

உலகில் முக்கோணங்கள் தோன்றி எத்தனையோ காலமாயிற்று. ஆனால் அவற்றுக்கு ஜனநாயகம் கிடைத்தது சென்ற ஞாயிற்றுக்கிழமைதான். வழங்கியது டோர்செட் பார்க் தமிழர் கணித மேம்பாட்டுக் கழகம். அதன் செயலாளர் அடியேன்.

எங்கள் உறுப்பினர் பிரதாபனின் மகள் சஜிதா ஒன்பதாம் வகுப்பு. மறுநாள் கொடுக்க வேண்டிய வீட்டுப்பாடத்தில் ஒரு முக்கோணம். ஒரு கோணம் எழுபது பாகை, இன்னொன்று அறுபது, மூன்றாவது எக்ஸ். "இதில பிழைவிட்டால் சனிக்கிழமை பட்மின்ரன் இல்லை, ரியூசன்தான்" என்று தகப்பன் சொல்லிவிட்டார். பிள்ளையோ பள்ளி அணியின் தலைவி. அவளுடைய விளையாட்டு ஆபத்தில் இருக்கும்போது கழகம் கைகட்டி நிற்குமா? கூட்டிவிட்டோம் கூட்டத்தை.

நாங்கள் குடியிருக்கும் மாடிக் கட்டடத்தின் பார்ட்டி ரூமில் குத்துவிளக்கு ஏற்றி, தலைவர் கனகசிங்கத்துக்குப் பொன்னாடை போர்த்தி, மட்டன் ரோல்ஸ் சாப்பிட்டு முடித்ததும் "ஆய்வு" தொடங்கியது.

"ஐம்பது, அங்கிள்," என்றாள் சஜிதா. "நூற்றெண்பதில மற்ற ரெண்டையும் கழிச்சால் சரி. ஸிம்பிள்."

"பிள்ளை, பெரியாக்கள் கதைக்கேக்க குறுக்க வரக்கூடாது," என்று தலைவர் அன்போடு "வழிநடத்தினார்". "மூண்டு கோணத்துக்கும் சமவுரிமை வேணும். ஆகவே எக்ஸ் அறுபது."

"அப்ப அந்த எழுபது?"

"அது கொஞ்சம் விட்டுக்குடுக்கட்டும்."

உபதலைவர் கஸ்பர் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "விட்டுக்குடுத்து விட்டுக்குடுத்துத்தான் நாங்கள் இப்பிடிக் கிடக்கிறம்! எக்ஸ் தொண்ணூறு! அதுதான் நிமிர்ந்து நிக்கிற கோணம்!"

வாக்கெடுப்பில் அறுபது வென்றது. ஐம்பதுக்கு விழுந்தது ஒரே வாக்கு. வாக்களித்தவருக்கு வயது போதாது என்று அதை நான் செல்லாததாக்கினேன். வெளிநடப்புச் செய்த கஸ்பர் அணி, லிஃப்ட் வருவதற்குள் "உலகத் தமிழர் செங்கோணப் பேரவை"யை ஆரம்பித்துவிட்டது.

"அப்பா, உது பிழை," என்றாள் சஜிதா. கண் கலங்கியிருந்தது.

"இருக்கட்டும் பிள்ளை. தலைவர் சொல்லிப்போட்டார். எழுது."

எழுதினாள். பூச்சியம் வந்தது.

உடனே இரு அமைப்புகளும் பகை மறந்து ஒரே மேசையில் அமர்ந்தன. எங்கள் வரலாற்றிலேயே ஏகமனதாக நிறைவேறிய முதல் தீர்மானத்தை என் கையால் எழுதும் பாக்கியம் பெற்றேன்: "செல்வி சஜிதாவுக்குக் கணக்கு அறவே வராது. பட்மின்ரன் நிறுத்தப்படுகிறது. இனிச் சனிக்கிழமைதோறும் தலைவர் கனகசிங்கம் அவளுக்குக் கணக்குப் படிப்பிப்பார்."