இரண்டாவது செருப்பு ஸ்டாண்டு

"புது இரும்பு வாங்குறவன் தொழில் தெரியாதவன்" என்று வெல்டர் சார் சொன்னபோது, அவர் மனைவி வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. அந்த வாரத்தில் மட்டும் இதை நாலு தடவை கேட்டாகிவிட்டது.

வெல்டர் சாருக்கு வெல்டிங் தொழில் இல்லை. இன்சூரன்ஸ் ஆபீசில் பழைய ஃபைல்களைத் தேடி எடுத்துக் கொடுக்கும் உத்தியோகம். இரண்டு வருடத்துக்கு முன் நாலைந்து வீடியோ பார்த்துவிட்டு ஒரு வெல்டிங் மெஷின் வாங்கினார். ஆபீசில் கிண்டலுக்கு வைத்த பெயரை அவர் பதவி உயர்வாக எடுத்துக்கொண்டார்.

இப்போதைய பிரச்சினை ஒரு செருப்பு ஸ்டாண்டு. போன வருடம் மனைவியின் அண்ணனுக்குக் கறுப்பு பெயிண்ட் அடித்து ஒன்று செய்து கொடுத்திருந்தார். ஆறு ஜோடி செருப்பைத் தாங்க முப்பது கிலோ இரும்பு. போன வாரம் அங்கே போனபோது வாசலில் அதைக் காணோம். மச்சான் கொஞ்ச நேரம் தரையில் கிடந்த செருப்புகளையே பார்த்தார்.

"என் ஃப்ரெண்டு ஒருத்தன் பாத்துட்டு விடவே மாட்டேன்னுட்டான், மாப்பிள்ளை. கெஞ்சி வாங்கிட்டுப் போயிட்டான்" என்றார்.

வெல்டர் சாருக்குத் தலைகால் புரியவில்லை. இன்னொன்று செய்து தருகிறேன் என்று நின்ற இடத்திலேயே வாக்குக் கொடுத்தார். மச்சான் வேண்டவே வேண்டாம் என்று கையைப் பிடித்துக்கொண்டதை அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி ஒரு நிபந்தனை போட்டாள். சமையலறையில் அவர் செய்த முக்காலி, காலுக்கடியில் மடித்த அட்டை இல்லாமல் இன்றுவரை நின்றதில்லை.

"இது எங்க அண்ணன் வீட்ல ஆடாம நிக்கணும். ஆடிச்சுன்னா மெஷினும் இந்த வீட்டை விட்டுப் போகணும்."

சரி என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் மெஷின் இருந்த மூலையைத் திரும்பிப் பார்த்தார். அந்த மெஷினை விட்டால் அவர் வெறும் ஃபைல் எடுத்துக் கொடுக்கிற ஆள்.

பழைய இரும்புக் கடையில் வெல்டர் சார் சட்டைப்பையிலிருந்து காந்தத்தை எடுத்து ஒவ்வொன்றாக ஒட்டிப் பார்த்தார். சுத்தியால் தட்டிக் காதருகே வைத்துக் கேட்டார். கடைக்காரர் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறார். இரும்போடு பேச்சுவார்த்தை நடத்துகிறவரை அன்றுதான் பார்த்தார். நல்ல குழாய்களையெல்லாம் மூக்கைச் சுளித்து ஒதுக்கிய பிறகு, மூலையில் கிடந்த ஒரு கட்டு 'எல்' வடிவ ஆங்கிள் துண்டுகள் வெல்டர் சாருக்குப் பிடித்துவிட்டன. பச்சை பெயிண்ட் அடித்து, கேஸ் கட்டரால் கன்னாபின்னாவென்று வெட்டிய துண்டுகள். ஓட்டைகள் கூட வேண்டிய இடத்தில் இருந்தன. தனக்கென்றே அளவெடுத்தது போல இருக்கிறதே என்று பூரித்துப்போனார். பாதி விலைக்குக் கேட்டார். கடைக்காரர் மறுபேச்சில்லாமல் கொடுத்ததில் தன் பேரம் பேசும் திறமையையும் மெச்சிக்கொண்டார்.

கடையில் நின்ற லோடு ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார். இறக்கும்போது டிரைவர் கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சார், இந்த இரும்பு வந்து..."

"இரும்பைப் பத்தி எனக்கு நீ சொல்லாதப்பா. உன் வண்டியைப் பத்தி ஏதாவது இருந்தா சொல்லு."

வண்டியைப் பற்றிச் சொல்ல டிரைவருக்கு ஒன்றும் இல்லை. வாடகையை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

சனிக்கிழமை காலை இரும்பைத் தேய்க்கும் கிரைண்டரைப் பிடித்தார். பழைய வெல்டிங்கைச் சீவி எடுக்காமல் புதிதாக ஒட்ட முடியாது. அந்த ஒட்டுகளைப் பார்க்கப் பார்க்க அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு இடத்தில் கட்டிகட்டியாக அப்பியிருந்தது, இன்னொரு இடத்தில் ஒட்டவே இல்லை. போட்டோ எடுத்து அம்புக்குறி போட்டு, 'வெல்டிங் எப்படிச் செய்யக் கூடாது' என்று ஆபீஸ் குரூப்பில் அனுப்பினார். மேனேஜர் கட்டைவிரல் காட்டினார்.

"இவன் கையில மெஷினைக் குடுத்தவனை முதல்ல உதைக்கணும்" என்றார் வெல்டர் சார்.

துணி காயப்போட வந்த மனைவி எட்டிப் பார்த்தாள். "பாவம், அவனும் யாருக்காவது ஆசையா செஞ்சு குடுத்திருப்பான்."

"ஆசை இருந்தாப் போதுமா? கை வேணாமா? வாங்கினவன் தூக்கிப் போட்டது ரொம்ப நியாயம்."

அந்த ஆத்திரத்தில் சீவியதில் ஆங்கிள் பாதி தேய்ந்துவிட்டது. தேய்ந்த இடத்தில் வெல்டிங் வைத்ததும் ஓட்டை விழுந்தது. ஓட்டையை மூடத் தகடு வேண்டும். வாசலில் இருந்த தபால் பெட்டியின் கதவை வெட்டினார். தகடு ஒட்டிய சூட்டில் சட்டம் முறுக்கிக்கொண்டது. நிமிர்த்த மேலே ஏறி நின்றதில் ஒரு கால் தரையை விட்டுத் தூக்கிக்கொண்டது. தூக்கிய காலின் அடியில் ஒரு துண்டை ஒட்டி நீட்டினார். கடைசியில் அசைத்துப் பார்த்தால், கார் நிறுத்தும் இடத்தில் அது கல்லு மாதிரி நின்றது. அந்தக் கால் நின்ற இடத்தில்தான் மழைத் தண்ணீர் வடிய தரையைக் குழித்து வைத்திருந்தார்கள் என்பதை யாரும் கவனிக்கவில்லை.

மனைவியும் வந்து தள்ளிப் பார்த்தாள். அசையவில்லை. திரும்பி உள்ளே போய்விட்டாள். வெல்டர் சார் மெஷினைத் துணியால் துடைத்து மூடி வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை அதே லோடு ஆட்டோவை வரவழைத்தார். இரும்பில் இருந்த அதே பச்சை அடித்த மச்சான் வீட்டுக் கேட்டைத் திறந்துகொண்டு, டிரைவர் ஒரு பக்கமும் இவர் ஒரு பக்கமுமாகத் தூக்கிப்போய் வாசலில் வைத்தார்கள். மச்சான் சிரித்த முகமாகத்தான் நின்றார், ஆனால் சிரிப்பு வாயோடு நின்றுவிட்டது.

மனைவி ஒரு விரலால் தொட்டாள். ஸ்டாண்டு 'டக்' என்றது. மறுபக்கம் தொட்டாள். மறுபடியும் 'டக்'.

வெல்டர் சார் காலால் தரையைத் தட்டிப் பார்த்தார். "தரை சரியில்ல மச்சான்" என்றார்.

மச்சான் சட்டென்று அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டார். "தரைதான் மாப்பிள்ளை. பழைய ஸ்டாண்டும் இந்த மூலையில இப்படியேதான் ஆடும்."

"பாத்தியா?" என்று வெல்டர் சார் மனைவி பக்கம் திரும்பினார். ஒருவேளை தரைதானோ என்று அவளும் குனிந்து பார்த்தாள். மெஷின் பிழைத்துவிட்டது என்றே அவர் நம்பினார்.

கையைத் தட்டித் துடைத்துக்கொண்டிருந்த டிரைவர், போகும்முன் மச்சானிடம் மரியாதையாகச் சொன்னார்:

"போன மாசம் இங்கேருந்து இதே இரும்பைப் பழைய இரும்புக் கடைக்கு ஏத்திட்டுப் போனதும் நான்தான் சார், அடுத்த தடவை தூக்கிப் போடும்போதும் என்னையே கூப்பிடுங்க."